புதுப்பட்டிக் கால்கள்

வார்டுக்குள் நுழையும் முன் மாடத்தி கதவின் இரும்பு நிலையை உள்ளங்கை முழுவதும் படியும்படி தொடுகிறாள். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதில்லை. கையை வைக்கிறாள், ஒரு மூச்சு விடுகிறாள், எடுத்துக்கொண்டு உள்ளே போகிறாள். சாப்பிட்டுத் திரும்பும்போதும் இதுதான், மருந்தறைக்குப் போய்த் திரும்பும்போதும் இதுதான். இரண்டு கையிலும் தட்டு இருந்தால் முழங்கையால் தொடுகிறாள்.

விருதுநகரில் ஒரு மருத்துவமனையின் பெண்கள் வார்டில் அவள் பயிற்சிச் செவிலி. நர்சிங் படிப்பின் கடைசிக் கட்டம். இதை முடித்தால்தான் பெயரைப் பதிவு செய்ய முடியும், பெயருக்கு முன்னால் நர்ஸ் என்று வரும். உடன் பயிற்சிக்கு வந்த பெண்கள் நிலையைத் தொடும் வழக்கத்தை முதல் வாரம் பார்த்துவிட்டு, அது ஏதோ சாமி விவகாரம் என்று முடிவு கட்டினார்கள். சாத்தூரிலிருந்து வந்த ஜெனிட்டாதான் வாய்விட்டுக் கேட்டாள்.

"ஏட்டி, எந்தச் சாமி அது, வாசல்ல நிக்கி?"

"சாமி இல்ல பிள்ள. கரண்டு."

மாடத்தியின் ஊர் சிவகாசிக்குப் பக்கத்தில் எம். புதுப்பட்டி. அங்கே பட்டாசு ஆலை அறைகளின் வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். உள்ளே போகிறவர்கள் அதைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரம் அதன் வழியே மண்ணுக்கு இறங்கிவிடும். இறங்காமல் மருந்தைத் தொட்டால், கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி போதும். பதினெட்டு முடிந்த பிறகு கல்லூரி விடுமுறைகளில் மாடத்தி தன் தாய் சுப்புத்தாயுடன் சரவெடி பின்னப் போனவள். கல்லூரியில் படித்தது மூளையில் இருக்கிறது. தகட்டைத் தொட்டது கையிலேயே இருக்கிறது.

இந்த விளக்கத்தை எல்லோரும் கவனமாகக் கேட்டார்கள். மறுநாள் ஊசி போடும் தேர்வு. நிலையைத் தொட்டுவிட்டுப் போன மாடத்திக்கு முதல் குத்திலேயே நரம்பு கிடைத்துவிட்டது. அதற்கு மறுநாளிலிருந்து பயிற்சிப் பெண்கள் அத்தனை பேரும் நிலையைத் தொட ஆரம்பித்தார்கள். ஜெனிட்டா தொட்டுவிட்டு நெஞ்சில் சின்னதாகச் சிலுவையும் போட்டுக்கொண்டாள். ஒரு மதம் எப்படிப் பிறக்கிறது என்று கண்ணால் பார்க்கும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. மாடத்திக்குக் கிடைத்தது. அவள் அதோடு மல்லுக்கட்டவில்லை.

"தொடுங்க. ஆனா கையக் களுவிட்டுத் தொடுங்க. இல்லன்னா இந்த நிலைதான் வார்டு பூரா நோயக் குடுக்கும். அம்புட்டுத்தான்."

'அம்புட்டுத்தான்' அவளுடைய முற்றுப்புள்ளி. அதற்குப் பிறகு பேச்சு கிடையாது.

குள்ளமான, அகன்ற தோள்கொண்ட பெண். கையில் வளையல் இல்லை, தலையில் இரும்பு ஊசி இல்லை, பிளாஸ்டிக் கிளிப்தான். அதுவும் ஆலைப் பழக்கம். வேகமாக நடப்பாள், ஓடவே மாட்டாள். நோயாளிக்கு மூச்சுத் திணறினாலும் அதே வேக நடைதான். ஆனால் ஓடுகிறவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுவாள். நாடி பிடித்து எண்ணும்போது அவள் உதடுகள் அசையும். ஒளிந்துகொள்ளும் நரம்புகளோடு பேச்சுவார்த்தை நடத்துவாள்: "வா, வா. ஓடாத. ஒரே ஒரு தடவதான்." வார்டு நிரம்பி வழிந்தால் "இன்னைக்கு லோடு ஓவர்" என்பாள். காய்ச்சல் காலம் வந்தால் அவளுக்கு அது சீசன்.

அவள் பெயர் பற்றி ஒரு செய்தி உண்டு. கல்லூரியில் சேர்ந்த அன்று ஓர் ஆசிரியை, "சர்டிபிகேட்டில் நல்ல பேரா மாத்திக்கலாமே" என்று அன்போடு சொன்னார். குலதெய்வத்தின் பெயர் அது. மாடத்திக்கு அந்தத் தெய்வத்தோடு பெரிய கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை. என்றாலும், "இது கெட்ட பேராங்க மேடம்?" என்று கேட்டாள். குரலில் சண்டை இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரி இருந்தது. எந்தப் பெயர் நல்லது, எது கெட்டது என்று எந்தச் சாதிக்காரர்கள் முடிவு செய்தார்கள் என்று எந்தப் படிவத்திலும் இல்லை; ஆசிரியை இருந்த பெயரையே எழுதிக்கொண்டார். பெயர் அப்படியே இருக்கிறது.

பயிற்சிப் பெண்கள் வார்டில் உட்காரக் கூடாது. இது எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. எழுதாத சட்டங்கள்தான் இந்த நாட்டில் அதிக நாள் வாழ்கின்றன. காலையில் வந்ததும் நிற்க வேண்டும். வேலை இருந்தாலும் நிற்க வேண்டும், இல்லாவிட்டாலும் நிற்க வேண்டும். அடுத்த ஷிப்டுக்கு ஆள் இல்லை என்றால், தொடர்ந்து நிற்க வேண்டும். அடுத்த ஷிப்டுக்குப் பெரும்பாலும் ஆள் இருக்காது. சம்பளம் என்று வரும்போது அவர்கள் மாணவிகள். வேலை என்று வரும்போது ஊழியர்கள். மத்தியானத்துக்குள் பாதம் வீங்கி ஷூ நாடாவைத் தளர்த்த வேண்டியிருக்கும். ஒரு பெண் காலையில் வார்டுக்குக் கிளம்பும் முன் வாந்தி எடுத்துவிட்டுத்தான் வருவாள். ஜெனிட்டா துணி அடுக்கும் அறைக்குள் போய், மடித்த விரிப்புகளில் முகத்தைப் புதைத்து அழுவாள். வெளியே வரும்போது கன்னத்தில் விரிப்பின் மடிப்புக் கோடு பதிந்திருக்கும். அவள் தாய் தேவமணியும் நர்ஸ், சித்தியும் நர்ஸ். தன்னால் முடியவில்லை என்று அந்த வீட்டில் யாரிடம் போய்ச் சொல்வது?

"அடுத்த மொறை போர்வையில அளு பிள்ள," என்பாள் மாடத்தி. "கோடு விளாது."

அழுகையோடு சிரிப்பும் வந்துவிடும் ஜெனிட்டாவுக்கு.

செவிலியர் தினத்தன்று கேக் வெட்டுகிறார்கள். 'வெள்ளுடைத் தேவதைகளே' என்று வாசலில் பேனர் கட்டுகிறார்கள். தேவதை என்று சொல்வதில் ஒரு வசதி இருக்கிறது. தேவதைக்குக் கால் வலிக்காது, பசிக்காது, தூக்கம் வராது. மனுஷி என்று ஒப்புக்கொண்டால் ஒரு நாற்காலியாவது போட வேண்டியிருக்கும்.

வார்டின் பொறுப்பு சுகிர்தா சிஸ்டருடையது. வார்டு முழுவதற்கும் நிரந்தர ஊழியர் அவர் ஒருவர்தான். கெட்டவர் இல்லை, களைத்தவர். "நாங்க படிக்கையில உக்காந்தோமா? நின்னுதான படிச்சோம்" என்பது அவர் வாதம். தான் பட்ட அடியை அடுத்த தலைமுறைக்குச் சீதனமாகக் கட்டிக் கொடுக்கும் வாதம். அதைச் சொல்லும்போதே ஒரு காலை மாற்றி மறு காலில் நிற்பார். காலுறைக்கு மேலே நரம்பு புடைத்துச் சுருண்டிருப்பதை மாடத்தி கவனித்திருக்கிறாள்.

ஐப்பசியில் ஒரு நாள் மதியம், அந்த வார்டில் ஒரு காரியம் நடந்தது. மாடத்தி முந்தின நாளும் இரண்டு ஷிப்டு பார்த்திருந்தாள். கட்டில் ஒன்றின் மேல் குனிந்து விரிப்பின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிக்கொண்டிருந்தவள், அப்படியே நின்றபடி தூங்கிப்போனாள். சுகிர்தா சிஸ்டர் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பிறகு ஒரே ஒரு இடி. கண்ணாடி ஜன்னல்கள் அதிர்ந்தன.

பட்டாசு ஊர்களில் அந்தச் சத்தத்துக்கு ஒரு நடைமுறை உண்டு. ஆலைக்குள் இருந்தால், இடி கேட்டதும் கையில் உள்ளதை அப்படியே வைத்துவிட்டு அறையைவிட்டு வெளியேற வேண்டும். ஓடக் கூடாது, நிற்கவும் கூடாது. வீட்டில் இருந்தாலும் யாரும் உள்ளே உட்கார்ந்திருப்பதில்லை. தெருவுக்கு வந்து புகை எந்தத் திசையில் எழுகிறது என்று பார்ப்பார்கள். எந்தத் திசையில் யார் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று ஒவ்வொரு வாசலுக்கும் தெரியும். புகை இல்லை என்று உறுதியாகும் வரை அந்த ஊரில் அது இடி இல்லை.

மாடத்தி விரிப்பை விட்டாள். நிமிர்ந்தாள். வேகமாக, ஓடாமல், வார்டைவிட்டு வெளியே நடந்தாள்.

அவள் மட்டும் போயிருந்தால் ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த வார்டில் படுத்திருந்தவர்களில் பாதிப் பேர் ஆலை வேலைக்காரர்கள். வெள்ளை உடுப்பில் ஒரு நர்சே எழுந்து போவதைப் பார்த்ததும் அவர்கள் கால்களும் தரையில் இறங்கிவிட்டன. கால் புண்ணுக்காகப் படுத்திருந்த பஞ்சம்மாள் தன் டிரிப் பாட்டிலைக் கம்பியிலிருந்து தானே கழற்றி, விளக்கு ஏந்துவது போல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிக் கிளம்பினாள். பின்னால் ஒருத்தி, அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி; ஆலையைப் பார்க்காதவர்களும் அவர்களைப் பார்த்து எழுந்தார்கள். யாரும் கத்தவில்லை, முண்டியடிக்கவில்லை. பழகிய ஒழுங்கோடு, ஸ்ட்ரெச்சர் இறக்கும் சரிவுப் பாதை வழியே பெண்கள் வார்டு வரிசையாகக் காலியானது. ஜெனிட்டா இரண்டு கையிலும் டிரிப் கம்பிகளை இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் கூரையின் கீழே எல்லோரும் நின்று தென்மேற்கே பார்த்தார்கள். சிவகாசி இருக்கும் திசை. மேகம்தான் இருந்தது. புகை இல்லை. முதல் மழைத்துளி சிமெண்டுத் தரையில் விழுந்து பொட்டு வைத்தது.

"இடிதான்," என்றாள் ஒருத்தி.

எல்லோரும் மூச்சு விட்டார்கள். அப்போதுதான் மாடத்திக்கு முழுசாகக் கண் திறந்தது. தன் கையைப் பார்த்தாள், உடுப்பைப் பார்த்தாள், எதிரே பாட்டிலோடு நிற்கும் பஞ்சம்மாளைப் பார்த்தாள்.

"பெரியம்மா, நீங்க எங்கன வந்தீக?"

"நீ வந்தேல்ல தாயி. நர்சம்மாவே போகுது, நமக்கு என்ன படுக்கைன்னு வந்தேன்."

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியாது. தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதீக, பிரிஞ்சிரும்" என்று ஒருத்தி கெஞ்சினாள். அதற்கும் சிரித்தார்கள். மழை கொட்டியது. மருந்துப் பெட்டியோடு மாடிப்படி ஏறி வந்த சுகிர்தா சிஸ்டர் ஆளில்லாத கட்டில்களைப் பார்த்தபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

எல்லோரையும் கட்டில் சேர்த்து, டிரிப்புகளைச் சரிபார்த்த பிறகு, மாடத்தியைச் செவிலியர் கண்காணிப்பாளர் அறைக்குக் கூட்டிப்போனார்கள். கண்காணிப்பாளர் பொறுமையாகத்தான் பேசினார். நோயாளி யாராவது விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. பிறகு அவர் ஒரு வழியையும் காட்டினார்.

"கிராமத்துப் பிள்ள, இடிக்குப் பயந்துட்டன்னு வெச்சுக்கிறேன். மன்னிப்புக் கேட்டுட்டுப் போ. வேற ஏதும் காரணம்னா பயிற்சிய ரத்து பண்ண வேண்டியிருக்கும்."

ரத்து என்றால், அதுவரை நின்ற மாதங்கள் எல்லாம் போய்விடும். பதிவு தள்ளிப்போகும், வேலை தள்ளிப்போகும். சுப்புத்தாய் இன்னும் ஒரு வருடம் சரம் பின்ன வேண்டியிருக்கும். பயந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"விட்டுட்டுப் போனது என் தப்பு மேடம். அதுக்கு மன்னிப்புக் கேட்டுக்கிறேன். ஆனா பயப்படல. நின்னுக்கிட்டே தூங்கிட்டேன். நடந்த காலு புதுப்பட்டிக் காலு, ஒத்துக்கிறேன். மூடுன கண்ணு இங்கன நின்னு நின்னு மூடுனது."

கண்காணிப்பாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "வெளிய பெஞ்சுல உக்காரு. உன்னைய என்ன செய்றதுன்னு பேசிட்டுக் கூப்பிடுறேன்."

பயிற்சிக்கு வந்த நாளிலிருந்து அந்த மருத்துவமனையில் அவளை உட்காரச் சொன்னது அதுவே முதல் தடவை. தண்டனையாகத்தான் அந்த இருக்கை கிடைத்தது. மாடத்தி உட்கார்ந்தாள். சுவரில் தலை சாய்ந்தது. தன் எதிர்காலத்தைப் பற்றிக் கதவுக்குப் பின்னால் பேசிக்கொண்டிருக்கும்போது, அவள் வாய் லேசாகத் திறந்தபடி தூங்கினாள்.

கொஞ்ச நேரத்தில் ஜெனிட்டா வந்தாள். அவள் ஷிப்டு முறைப்படி எப்போதோ முடிந்துவிட்டது. வழக்கமாக முடிந்த பிறகும் நிற்பாள், அன்று நிற்கவில்லை. பெஞ்சில் மாடத்தியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஷூ நாடாவைத் தளர்த்திக்கொண்டாள். அடுத்து இன்னொருத்தி வந்தாள். காலையில் வாந்தி எடுப்பவளும் வந்தாள். பெஞ்சு நிறைந்தது. மீதிப் பேர் தரையில் உட்கார்ந்தார்கள்.

சுகிர்தா சிஸ்டர் தேடிக்கொண்டு வந்தார். "யாரு இங்க உக்காரச் சொன்னா?"

"ட்யூட்டி முடிஞ்சிருச்சு சிஸ்டர்," என்றாள் ஜெனிட்டா. அவள் குரல் அந்தக் கட்டடத்தில் அத்தனை தெளிவாக அதற்கு முன் கேட்டதில்லை.

"முடிஞ்சா ஹாஸ்டலுக்குப் போக வேண்டியதுதான?"

"மாடத்தியவும் கூட்டிட்டுப் போறோம் சிஸ்டர். அவ எந்திரிக்கட்டும்."

கண்காணிப்பாளர் கதவைத் திறந்தபோது வரிசையாக வெள்ளை உடுப்புகள். நடுவில் குற்றம் சாட்டப்பட்டவள் ஜெனிட்டாவின் தோளில் எச்சில் வடியத் தூங்கிக்கொண்டிருந்தாள். அதற்குள் இரண்டு வார்டுகளிலிருந்து ஆள் கேட்டுத் தொலைபேசி வந்துவிட்டது. படிக்க வந்தவர்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் மருத்துவமனை நின்றுவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். அன்று அது கண்ணுக்குத் தெரிந்தது.

பயிற்சி ரத்தாகவில்லை. வார்டைவிட்டுப் போனதற்காகப் பெண்கள் வார்டுப் பயிற்சியை மட்டும் அவள் முதலிலிருந்து மறுபடி செய்ய வேண்டும். இன்னொரு தடவை இப்படி நடந்தால் பெட்டியைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். வார்டுக்கு இரண்டு ஸ்டூல் வந்தன. பயிற்சிப் பெண்களைக் கேட்காமல் இரண்டாவது ஷிப்டில் நிற்க வைக்கக் கூடாது என்று சொன்னார்கள். அது சில நாள் நடக்கிறது, பல நாள் நடப்பதில்லை. நடக்காத நாளில், எந்த வார்டாக இருந்தாலும், கேட்பதற்கு இப்போது ஜெனிட்டா இருக்கிறாள். அவளுக்குத் துணி அறையில் வேலை குறைந்துவிட்டது.

செய்தி கேட்டு சுப்புத்தாய் போனில் திட்டத்தான் ஆரம்பித்தாள். "இடிச்சா வெளிய வரணும்னு சொன்னேன். ஆஸ்பத்திரியவே கூட்டிட்டு வரவா சொன்னேன்?" அதற்குமேல் திட்ட முடியாமல் தன்னோடு சரம் பின்னும் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கதையைச் சொல்லப் போய்விட்டாள்.

உடன் வந்தவர்கள் எல்லோரும் அடுத்த வார்டுக்குப் போய்விட்டார்கள். மாடத்தி மட்டும் பழைய இடத்தில், புதிய பெண்களோடு இருக்கிறாள். அவர்களும் நிலையைத் தொடுகிறார்கள், கழுவிவிட்டுத்தான் தொடுகிறார்கள். ஸ்டூலில் ஒன்றை அவள் சுகிர்தா சிஸ்டரின் மேசைப் பக்கம் நகர்த்தி வைத்தாள். "எனக்கு வேண்டாம்" என்று அவர் தள்ளிவிட்டார். ஆனால் பெண்கள் சாப்பிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் அந்த ஸ்டூல் மறுபடி மேசைப் பக்கம்தான் இருக்கிறது. மாடத்தி அதை எடுப்பதில்லை.

கார்த்திகை பிறந்தும் மழை விடவில்லை. இன்று மதியமும் மேற்கே கருத்துக்கொண்டு வருகிறது. மாடத்தி இன்னொரு ஸ்டூலில் உட்கார்ந்து பஞ்சம்மாளுக்கு நாடி பார்க்கிறாள். கால் புண் ஆறி, நாளை வீட்டுக்குப் போகலாம் என்றிருக்கிறது. மேசையருகே சுகிர்தா சிஸ்டர் ஊசி மருந்துகளைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்.

இடி விழுகிறது. ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. பஞ்சம்மாள் பாதி எழுந்துவிட்டாள். வார்டு முழுவதும் தலைகள் வெள்ளை உடுப்பைத் தேடித் திரும்புகின்றன. சுகிர்தா சிஸ்டரின் பார்வை நேராக மாடத்தியின் கால்களுக்குப் போகிறது.

"இடிதான் பெரியம்மா. படுங்க," என்கிறாள் மாடத்தி. பிடித்த கையை விடவில்லை. எண்ணிக்கொண்டிருக்கும் உதடுகள் அசைகின்றன. ஸ்டூலுக்குக் கீழே அவளுடைய இரண்டு பாதங்களும் ஷூவைவிட்டு வெளியே வந்து, கட்டிலின் இரும்புக் காலை இருபுறமும் சுற்றிக் கவ்விப் பிடித்திருக்கின்றன.